பொருந்தாத கதிரை உறையைப் பொருந்த வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு ஆயத்தமாகத் தைத்து விற்கும் உறை, ஏதோ ஒரு கதிரையை மனதில் வைத்து வெட்டப்பட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் பாதிக் கதிரைகள் ஊர்த் தச்சர் கையால் செய்தவை. தேக்கு, மகோகனி, வேம்பு என்று மரமும் வேறு, அளவும் வேறு. ஆறு கதிரையை அளந்தால் ஆறிலும் கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசம் இருக்கும். ஆகவே உறை முதல் நாளே சரியாக உட்காராவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அநேகமானவற்றைத் திருத்தி எடுக்கலாம்.

உறை பொருந்தவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம், அளவு நாடாவையும் இப்போதைக்கு வைத்துவிடுங்கள். உறையைக் கதிரையில் போட்டு, ஒருவரை அதில் இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்து ஒரு கோப்பையை எடுக்கட்டும், பின்னால் சாயட்டும், பிறகு எழும்பட்டும். எழும்பியதும் உறை எங்கே இடம்மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

உறைக்குப் பிடிமானம் மூன்றே இடத்தில்தான்: முதுகின் மேல்விளிம்பு, முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கு, இருக்கையின் அடிவிளிம்பு. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் துணி முழுவதும் சுருங்கித் தொங்கும். பார்ப்பவருக்கு எல்லா இடமும் பிழையாகத் தெரியும், ஆனால் பிழை ஓரிடத்தில்தான். மேல்விளிம்பில் காது மாதிரி இரண்டு மூலை நீட்டிக்கொண்டு நின்றால் முதுகுப் பை அகலம் கூடிவிட்டது. இருக்கையின் நடுவில் குறுக்கே மடிப்பு விழுந்தால் இடுக்கில் பிடிமானம் இல்லை. முன்மூலை மேலே ஏறி மரம் தெரிந்தால் அடிவிளிம்பு இலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, அல்லது துணி இறக்கம் போதவில்லை. பெரும்பாலும் குற்றவாளி அந்த இடுக்குத்தான். அதைச் சரிசெய்தபிறகு மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லாமல் போவதும் உண்டு.

கதிரையில் எந்தெந்த இடத்தை அளக்க வேண்டும்?

ஏழு அளவு போதும். இருக்கையின் முன்பக்க அகலம், பின்பக்க அகலம் (பின்பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்), முன்னிருந்து பின்னுக்கு ஆழம், இருக்கையின் தடிப்பு, முதுகின் உயரம், முதுகின் அகலம், முதுகின் தடிப்பு. முதுகின் அகலத்தை மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, இருக்கைக்கு மேல் இரண்டு அங்குலத்தில் ஒருமுறை என மூன்று இடத்தில் எடுங்கள். உறை கழற்றிப் போட இயலுமா இல்லையா என்பது இந்த மூன்றில்தான் தங்கியிருக்கிறது.

இருக்கையில் மெத்தை இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது தடிப்பை இன்னொரு தடவை அளக்க வேண்டும். இரண்டு அங்குல ஸ்பொஞ்ச் ஆள் பாரத்தில் ஒரு அங்குலத்துக்கும் இறங்கும். எழும்பும்போது திரும்ப உப்பும். அந்த ஏற்ற இறக்கம்தான் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது.

ஒவ்வொரு கதிரைக்கும் அடியில் வெண்கட்டியாலோ பேனையாலோ 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். உறையின் உள்பக்கமும் அதே இலக்கம். கையால் செய்த கதிரைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யாவிட்டால், ஒவ்வொரு முறை துவைத்தபிறகும் எது எதற்கு என்று தேட வேண்டிவரும்.

முதுகு உறை தொளதொளவென்று இருக்கிறது. எவ்வளவு பிடித்துத் தைப்பது?

அதிகம் பேர் பிழை விடும் கணக்கு இது. ஓர் உதாரணம்: கதிரை முதுகு 18 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்பு. சுற்றளவு 40 அங்குலம். உறையைத் தரையில் விரித்து அளந்தால் 23 அங்குலம், அதாவது சுற்றளவு 46. கூடுதல் 6 அங்குலம். போட்டுக் கழற்ற 1 அங்குலம் தளர்வு விட்டால் எடுக்க வேண்டியது 5. இரண்டு பக்கத் தையல் இருப்பதால் ஒரு தையலுக்கு இரண்டரை அங்குலம். இந்த இடத்தில் நிற்பாட்டி இரண்டரை அங்குலம் உள்ளே தைத்துவிடுகிறார்கள். உறை போகாது. ஒரு தையலில் முன்துணி, பின்துணி இரண்டும் அகப்படுவதால், தையல் கோட்டை 1¼ அங்குலம் மட்டுமே உள்ளே நகர்த்த வேண்டும். தளர்வு போக எடுக்க வேண்டியதை நாலால் வகுப்பது என்று நினைவில் வைத்தால் போதும்.

ஸ்ட்ரெச் இல்லாத பருத்தித் துணிக்குச் சுற்றளவில் 1 முதல் 1½ அங்குலம் தளர்வு வேண்டும். ஸ்ட்ரெச் துணிக்குத் தளர்வே வேண்டாம், சுற்றளவை விட 2 அங்குலம் சிறிதாக இருந்தால்தான் இழுபட்டு வழுவழுப்பாக நிற்கும்.

தைக்கும் முறை: உறையை உட்பக்கம் வெளியே திருப்பிக் கதிரையில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் துணியைச் சமமாகக் கிள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி, ஊசித்தலை மேலே பார்க்கும்படி குத்துங்கள். ஊசிகள் மரத்தோடு ஒட்டினாற்போல அல்ல, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு இறங்க வேண்டும். குத்தி முடிந்ததும் ஊசியோடே கழற்றிப் பாருங்கள். சிரமப்பட்டுத்தான் வருகிறதென்றால் தைத்தபிறகு வரவே வராது. பிறகு ஊசி நின்ற வழியே வெண்கட்டிக் கோடு, கோட்டின்மேல் கையால் நீள நூலோட்டம், திருப்பிப் போட்டு ஒரு பரீட்சை, அதன்பிறகு மெசின். மிச்சத் துணியை உடனே வெட்ட வேண்டாம். ஒருமுறை துவைத்துக் காய்ந்தபிறகு, அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். துவைக்காத பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கக்கூடும். 46 அங்குலச் சுற்றில் 5 வீதம் என்றால் இரண்டு அங்குலத்துக்கு மேல்.

உட்கார்ந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் இடுக்கிலிருந்து துணி வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் கதிரையைப் பாருங்கள். மெத்தை வைத்த முழு முதுகுக் கதிரையில் இருக்கையும் முதுகும் நெருக்கமாகச் சேர்ந்து ஒரு மூடிய இடுக்கு இருக்கும். ஊர்த் தச்சர் செய்த கதிரையில் அந்த இடம் பெரும்பாலும் திறந்த வெளி. இருக்கைப் பலகைக்கும் முதுகின் கீழ்ச்சட்டத்துக்கும் இடையில் கை போய் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கடையில் விற்கும் உறை மூடிய இடுக்கை நம்பித் தைத்தது. அதைத் திறந்த முதுகில் போட்டுவிட்டு, துணியைச் செருகிச் செருகி அலுத்துப்போகிறார்கள். செருகுவதற்கு அங்கே இடமே இல்லை.

மூடிய இடுக்கானால்: துணி இரண்டு அங்குலம் கீழே போய் இரண்டு அங்குலம் மேலே வர வேண்டும், அதாவது 4 அங்குலம் மேலதிகமாக இருக்க வேண்டும். இருந்தால், அரை அங்குலத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை (பீவீசி) இருக்கை அகலத்தை விட ஒரு அங்குலம் குறைவாக வெட்டுங்கள். வெட்டிய முனையை மண்தாளால் தேய்த்து, பழைய சாரத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். வெறும் குழாய் வழுக்கும், துணி சுற்றியது வழுக்காது. துணி மடிப்பின் மேல் குழாயை வைத்து, அகப்பைக் காம்பால் இரண்டு முனையையும் மாறி மாறி அழுத்திச் செருகுங்கள். பத்திரிகைத் தாள் ஏழெட்டை இறுக்கிச் சுருட்டிச் செருகுவதும் உண்டு. அது சில வாரம் நிற்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும்.

திறந்த முதுகானால் நாடாதான் சரி. அரை அங்குல அகலப் பருத்தி நாடா, ஒரு துண்டு 18 அங்குலம், ஒரு கதிரைக்கு நாலு துண்டு. இருக்கைத் துணி முதுகைத் தொடும் இரண்டு மூலையிலும் இரண்டிரண்டாகத் தைத்து, ஒன்றைப் பின்காலின் உட்பக்கமாகவும் மற்றதை வெளிப்பக்கமாகவும் கொண்டுபோய், இருக்கைக்கு அடியில் காலைச் சுற்றிக் கட்டுங்கள். முடிச்சு அடியில் மறைந்துவிடும்.

நாடா தைக்கும் மூலையைக் கொஞ்சம் கவனியுங்கள். எழும்பும்போது வரும் இழுவை முழுவதும் அந்தக் கட்டைவிரல் அகல இடத்தில்தான் விழுகிறது. மெல்லிய துணியில் நேரே நாடாவைத் தைத்தால் நாடா அறாது, துணி கிழியும். ஒன்றரை அங்குலச் சதுரமாக ஒரு கட்டிப் பருத்தித் துண்டு வெட்டி, உட்பக்கம் வைத்து, நாடா முனையை அரை அங்குலம் மடித்து, மூன்றையும் சேர்த்து ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும். புத்தகப்பை வார் தைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

இருக்கை உறையின் முன்மூலைகள் மேலே ஏறுகின்றன. இலாஸ்டிக் மாற்றினால் போதுமா?

இறக்கம் இருந்தால் போதும். இறக்கம் என்பது இருக்கை விளிம்பிலிருந்து துணி கீழே வரும் அளவு. மெத்தை 2 அங்குலம், சட்டம் 2 அங்குலம் என்றால் இறக்கம் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். இலாஸ்டிக் சட்டத்தின் அடிக்குக் கீழே போய் உள்ளே திரும்பினால்தான் பிடிக்கும். 4 அங்குல இறக்கத்தில் எவ்வளவு இறுக்கமான இலாஸ்டிக் போட்டாலும் அது சட்டத்தின் பக்கவாட்டிலேயே நின்று மேல்நோக்கி உருளும். அப்படியானால் முதலில் மூன்று அங்குலத் துணிப்பட்டி ஒன்றைச் சுற்றிவரச் சேர்த்துத் தையுங்கள். அது அடியில் போய்விடுவதால் நிறம் பொருந்த வேண்டியதில்லை.

இலாஸ்டிக் நீளம்: இருக்கைச் சுற்றளவில் முக்கால் பங்கு. 18, 17, 18, 17 என்று 70 அங்குலம் வந்தால் 52½ அங்குலம், முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படிய இன்னும் ஒரு அங்குலம். அகலம் அரை அங்குலம். கால் அங்குல இலாஸ்டிக் கயிறாகத் திரண்டு, துணியை அறுக்கும். பழையதை முழுவதும் இழுத்து எடுக்க முன் அதன் ஒரு முனையில் புதியதைச் சேப்டி பின்னால் கோத்துவிட்டால், இழுக்க இழுக்கப் புதியது தானாக உள்ளே போகும். சுற்றளவில் பாதிக்கும் குறைவாக இலாஸ்டிக் போட்டால் இருக்கை மேற்புறம் முழுவதும் கதிர் கதிராகச் சுருங்கும்.

உறை சிறிது. கழுத்தைப் பிடித்த சட்டை மாதிரி நிற்கிறது. அகட்ட இயலுமா?

பக்கத் தையலைப் பிரித்து இடையில் பட்டி வைக்கலாம். சுற்றளவில் 4 அங்குலம் குறைந்தால் பக்கத்துக்கு 2 அங்குலம், தையலுக்கு இரண்டு ஓரமும் அரை அங்குலம், ஆகப் பட்டி 3 அங்குல அகலம். அதே துணி கிடைக்காது, தேடிக் களைக்க வேண்டாம். ஏறத்தாழ ஒத்த நிறம் வைத்தால் ஒட்டுப் போட்டதாகவே தெரியும். நன்றாக மாறுபட்ட நிறத்தில், ஆறு கதிரைக்கும் ஒரே மாதிரி வைத்தால் அது வடிவமாகிவிடும். வெளிர் உறைக்குக் கடும் நீலப் பட்டி, கோடு போட்ட உறைக்குக் கோட்டில் உள்ள நிறங்களில் ஒன்று.

உயரம் போதாதபோது மேலே ஒட்டுப் போட வேண்டாம், கண் நேரே அங்கேதான் போகும். பின்பக்கத்திலும் அடியிலும் சேருங்கள். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்.

முதுகு மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேலே பொருந்தினால் கீழே தொங்குகிறது.

பை மாதிரி மாட்டும் உறையின் வாய், முதுகின் மிக அகலமான இடத்தைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். ஆகவே ஸ்ட்ரெச் இல்லாத துணியில் கீழ்ப்பகுதியை ஒடுக்கித் தைத்தால் உறை மாட்டுப்படாது. வழி, பின்பக்க நடுவில் கீழிருந்து 8 முதல் 10 அங்குலம் பிளப்பது. பிளந்த இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்து, மூன்று சோடி நாடா வைத்துக் கட்டலாம். அல்லது வெல்க்ரோ. வெல்க்ரோவில் முரட்டுப் பக்கமும் மெத்தென்ற பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துத் தைக்க வேண்டும், துவைக்கும்போது மூடிவிட்டுத் துவைக்க வேண்டும். திறந்திருந்தால் முரட்டுப் பக்கம் மற்ற உறைகளின் நூலை இழுத்துப் பொசுபொசுக்க வைக்கும். எங்களுக்கு நாடாதான் பிடிக்கும். துளி தளர்ந்தால் இறுக்கிக் கட்டலாம்.

மேலே பூ வேலைப்பாடு செதுக்கிய கதிரை. இரண்டு மூலையும் கொம்பு மாதிரி நிற்கிறது.

உறையை அதன் மேலால் இழுத்தால் கொம்பு துணியைத் துளைக்கும், துளைக்காவிட்டால் கூடாரம் அடித்த மாதிரி நிற்கும். நல்ல செதுக்கு வேலையை மூடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இருக்கைக்கு மட்டும் உறை போட்டு, முதுகை மரமாகவே விடுங்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால், கொம்புகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் ஸ்பொஞ்ச் துண்டு வைத்து, மேலே பழைய துணி சுற்றிக் கட்டி, மேல்விளிம்பை ஒரே மட்டமாக்கிய பிறகு உறையை மாட்டலாம்.

முதுகில் சட்டம் சட்டமாக இருக்கிறது. சாய்ந்தால் துணி உள்ளே குழிகிறது.

சட்டங்களின் முன்பக்கம் அரை அங்குல ஸ்பொஞ்ச் தகடு ஒன்றை, முதுகை விட நாலு பக்கமும் அரை அங்குலம் சிறிதாக வெட்டி வையுங்கள். நாலு மூலையிலும் நூல் கோத்துச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். பசை போட்டால் வார்னிஷ் உரியும்.

வீட்டில் இருப்பது பழைய மிதி மெசின். நேர்த்தையல் மட்டும்தான். ஸ்ட்ரெச் துணி தைக்கலாமா?

தைக்கலாம். ஊசிதான் முக்கியம். சாதாரண ஊசியின் கூர்முனை ஸ்ட்ரெச் துணியின் இழையைக் குத்தி அறுக்கும். மெசின் தையலைத் தாண்டித் தாண்டிப் போகும். எல்லோரும் மெசினைத்தான் குற்றம் சொல்வார்கள். முனை உருண்டையான ‘போல் பொயின்ட்’ ஊசி என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிய துணிக்கு 11, தடித்ததுக்கு 14. மிதி மெசின் ஊசியின் காம்பு உங்கள் மெசினுக்குப் பொருந்துமா என்று பழைய ஊசியையும் கொண்டுபோய்க் காட்டி எடுப்பது நல்லது. நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் இழுபடாது, உட்காரும்போது ‘டக்’கென்று அறும்.

தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீற்றர். மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தைக்கும்போது முன்னாலும் பின்னாலும் துணியை இலேசாக இழுத்துப் பிடியுங்கள். இலேசாக என்றால், துணி தன் பாட்டில் நகர வேண்டும், நீங்கள் பின்னால் இழுத்து எடுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் முட்டும். ஒரு சாண் துண்டில் தைத்து, தையல் நெடுக இழுத்துப் பாருங்கள். நூல் அறாமல் துணியோடு நீண்டால் உறையில் கை வைக்கலாம்.

தைக்கவே தெரியாது. ஊசியில்லாமல் ஏதாவது?

இடுக்குக் குழாய்க்குத் தையல் வேண்டாம். இருக்கையில் வழுக்கும் உறைக்கு அடியில், இறாக்கைத் தட்டுகளில் விரிக்கும் துளைத் துளையான ரப்பர் விரிப்பை இருக்கை அளவுக்கு வெட்டிப் போடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும். பெரிய உறையைப் பின்பக்கம் இழுத்து, இரண்டு பக்கக் கூடுதலையும் நடுவில் பெட்டி மடிப்பாக மடித்து, முதுகைச் சுற்றி அகலத் துணிப்பட்டி ஒன்றைக் கட்டி முடிச்சிட்டால் கலியாண மண்டபக் கதிரை மாதிரி இருக்கும். பட்டிக்கு 6 அங்குல அகலம், இரண்டரை யார் (கெஜம்) நீளம்.

சேப்டி பின் போடுவது ஒருநாள் விருந்துக்குச் சரி. அதற்குமேல் விட வேண்டாம். கடலும் வாவியும் சூழ்ந்த இந்தப் பக்கத்து உப்புக் காற்றில் மலிவு பின் சீக்கிரம் துருவும். துருக்கறை மஞ்சள் கறையை விடப் பொல்லாதது, வெயிலுக்கும் போகாது.

இருக்கை மெத்தை கழற்றக்கூடியது. அதற்குத் தனியாகத் துணி அடிக்கலாமா?

அதுதான் மிகச் சிறந்த வழி. கதிரையைக் கவிழ்த்தால் இருக்கைக்கு அடியில் நாலு ஆணி (திருகாணி) தெரியும். கழற்றினால் மெத்தைப் பலகை வந்துவிடும். 18க்கு 17 அங்குல இருக்கை, 2 அங்குலத் தடிப்பு என்றால் துணி 26க்கு 25. துணியின் நல்ல பக்கம் கீழே பார்க்க விரித்து, அதன்மேல் மெத்தையைக் கவிழ்த்து, பலகை மேலே வர வையுங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு ஸ்டேப்ளர் கம்பி. பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி, ஒன்று முதல் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. மூலையைக் கடைசியில் மடிக்க வேண்டும். மூலையில் தொடங்கியவர் துணியில் எப்போதும் குறுக்கே ஓர் இழுவைக் கோடு கிடக்கும். பலகையில் உள்ள ஆணித் துளைகளை மூடிவிடாதீர்கள். கம்பி 6 மில்லிமீற்றர் போதும், அலுவலக ஸ்டேப்ளரால் முடியாது, ஸ்டேப்ளர் கன் வேண்டும்.

பிளாஸ்டிக் கதிரைக்கு?

வழுக்கும். ஆனால் முதுகில் துளைகள் இருப்பது வசதி. நாடாவை அந்தத் துளைகளூடாகக் கோத்துப் பின்னால் கட்டுங்கள், அசையாது. கை வைத்த கதிரையானால் கை வரும் இடத்தில் உறையின் பக்கத்தைப் பிளந்து, ஓரம் மடித்துத் தைத்து, கைக்குக் கீழே நாடா வையுங்கள்.

திருத்துவதை விடப் புதிதாகவே தைக்க நினைக்கிறோம். ஆறு கதிரைக்கு எவ்வளவு துணி?

துணியின் அகலத்தைக் கேட்காமல் நீளத்தைச் சொல்ல இயலாது. 18க்கு 17 இருக்கை, 22 அங்குல உயர முதுகு, 2 அங்குலத் தடிப்பு உள்ள கதிரையை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் கீழிருந்து தொடங்கி முதுகின் மேலால் வந்து, இடுக்கில் இறங்கி ஏறி, இருக்கையைக் கடந்து முன்னால் தொங்கும் ஒரே நீளத் துண்டு: பின்பக்கம் 27, மேல் தடிப்பு 2, முன்முதுகு 22, இடுக்கு 4, இருக்கை 17, முன் இறக்கம் 5, மடிப்புக்கு 2. மொத்தம் 79 அங்குலம். அகலம் 22. இதோடு இருக்கையின் இரண்டு பக்கத்துக்கும் 19க்கு 7 அங்குலத்தில் இரண்டு துண்டு.

44 அல்லது 45 அங்குல அகலத் துணியில் 22 அங்குலத் துண்டு இரண்டு பக்கத்துக்குப் பக்கம் வெட்டலாம். இரண்டு கதிரைக்கு 79, பக்கத் துண்டுகளுக்கு 14, ஆக 93 அங்குலம். ஆறுக்கு 279 அங்குலம், சுருக்கத்தையும் சேர்த்து ஏழரை மீற்றர் எடுங்கள். அதே கதிரைக்கு 36 அங்குல அகலத் துணி எடுத்தால் ஒரு வரிசைக்கு ஒரு துண்டுதான் அடங்கும். 12½ மீற்றருக்கு மேல் போகும். கல்முனையிலோ காத்தான்குடியிலோ கடையில் நின்று விலையைப் பார்க்குமுன் அகலத்தைப் பாருங்கள்.

மருதமுனைக் கைத்தறித் துணி நல்ல பாரம், இந்தச் சூட்டுக்கு உட்காரவும் சுகம். இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். நெசவு நெருக்கம் குறைந்ததில் ஓரம் சீக்கிரம் நூல் பிரியும், தையலுக்கு முக்கால் அங்குலம் விட்டு, ஓவர்லொக் அடித்துவிடுங்கள். கடும் நிறமானால் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், வெள்ளைச் சட்டையோடு வருபவரை அதில் உட்கார வைக்க இயலாது. சாயம் தெளியும்வரை தனியாகத் துவைத்த பிறகு வெட்டுங்கள்.

மழைக்காலத்தில் உறை நாறுகிறது, மரத்திலும் வெள்ளையாகப் படர்கிறது.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழையில் துணி காய்ந்தது போலத்தான் இருக்கும். ஓரம் மடித்த இடமும், நாடாவுக்கு ஒட்டுத்துண்டு வைத்த இடமும் உள்ளே ஈரமாகவே இருக்கும். விரல்களால் அந்த மடிப்பைப் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்தால் காயவில்லை. ஈர உறையை வார்னிஷ் மரத்தில் மாட்டினால் வெள்ளைத் திட்டு விழும், பொலிஷ் மெதுவாகித் துணியோடு ஒட்டும். இரண்டு தொகுதி உறை வைத்து மாறி மாறிப் போடுவதுதான் வழி, இயலாதவர்கள் அந்த மாதங்களில் கழற்றி வைத்துவிடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரே மத்தியானத்தில் காயும். அப்போது வெயில் நிறத்தைக் குடிக்கும், நிழலில் உட்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்கள்.

ஸ்ட்ரெச் உறைக்கு வெளுப்பான் திரவம் ஊற்றாதீர்கள், கொதிநீரும் வேண்டாம். ஸ்ட்ரெச் இழை உடைந்து, உறை வாய் பிளந்துவிடும். அதைத் திருப்பி இறுக்க ஒரு வழியும் இல்லை.

மீன் குழம்பு ஊற்றுப்பட்டுவிட்டது. சோப் போட்டதும் கறை சிவப்பாகிறதே?

மஞ்சள் காரத்தில் சிவக்கும். பயப்பட வேண்டாம், அலசினால் திரும்ப மஞ்சளாகும். கரண்டியால் குழம்பை வழித்தெடுத்து, தண்ணீர் விட்டு, சோப் போட்டுக் கசக்கி, வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. வெள்ளைத் துணியில் இரண்டு நாள் வெயிலில் அடையாளமே மங்கிவிடும். நிறத் துணியில் வெயில் துணியின் நிறத்தையும் எடுக்கும் என்பதால் கறை உள்ள இடத்தை மட்டும் வெயிலுக்கு விரித்து மற்றதை மூடி வையுங்கள்.

தரையைத் தொடும் பாவாடை மாதிரி உறை. ஒரு பக்கம் இழுபடுகிறது, ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது.

தரை சரிவாக இருக்கலாம், கதிரைக் கால் தேய்ந்திருக்கலாம். உறையின் மேலிருந்து அளந்து கீழே மடித்தால் ஒருபோதும் நேராக வராது. கதிரையில் மாட்டி, தரையிலிருந்து அளவுகோலை நிறுத்தி, முக்கால் அங்குல உயரத்தில் சுற்றிவரக் குறியிட்டு அந்தக் கோட்டில் மடியுங்கள். மணல் வீட்டுக்குள் வரும் கரையோர வீடுகளில் இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நல்லது, கூட்டும்போது தும்புத்தடியில் அகப்படாது.

தையல்காரரிடம் கொடுப்பதானால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

உறையை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம், ஒரு கதிரையையும் கொண்டுபோங்கள். முச்சக்கரவண்டியில் ஒன்று கொள்ளும். இயலாவிட்டால் வீட்டிலேயே ஊசி குத்தி, வெண்கட்டிக் கோடு போட்டு, “இந்தக் கோட்டில் தையுங்கள், வெட்ட வேண்டாம்” என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் தைத்து வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு மற்ற ஐந்தையும் கொடுங்கள்.